மெக்கானிக்கலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சந்திக்கும் இடத்தில் ரோபோ ஏன் தடுமாறுகிறது?

கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்கி வேலை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அப்படி இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. இன்னும் ஏன் ஆள் இறங்க வேண்டியிருக்கிறது என்று கேட்டால், பதிலில் பாதி சாதியிலும் வறுமையிலும் இருக்கிறது. மீதிப் பாதி தொட்டியின் அடியில் கிடக்கிறது. மேலே நிற்கும் நீரை லாரியின் குழாய் உறிஞ்சிவிடும். ஆண்டுக்கணக்கில் படிந்து இறுகிய அடிக்கசடை உறிஞ்ச முடியாது. அதை முதலில் உடைத்துக் கரைக்க வேண்டும்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழு உருவாக்கிய ஹோமோசெப் இந்த வேலைக்காக வந்தது. அந்த வளாகத்திலிருந்து கிளம்பிய சோலினாஸ் நிறுவனம் அதைக் களத்துக்குக் கொண்டுபோனது. கருவியின் அடிப்படை எளிது. ஒரு நீண்ட தண்டு, அதன் முனையில் தலைகீழ்க் குடையாக விரியும் கத்திகள். சுருங்கிய நிலையில் தொட்டியின் குறுகிய வாய் வழியே இறங்கும், உள்ளே போய் விரியும், சுழன்று கசடை நீரோடு கலக்கும். கலங்கியதைப் பம்பு வெளியே இழுத்துவிடும். 2022-இல் முதல் கருவிகள் தரப்பட்டது, இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்கு.

இப்படி ஒரு கருவியை வடிவமைக்க எந்தத் துறைக்காரரைக் கூப்பிடுவது? விரியும் கத்தி மெக்கானிக்கல் வேலை. ஆனால் தொட்டிக்குள் மீத்தேன் இருக்கும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். ஆகவே சாதாரண மின்மோட்டாரை உள்ளே இறக்கக் கூடாது. சுழற்றும் விசையை வெளியிலிருந்து ஹைட்ராலிக் குழாய் வழியே கொண்டுபோனால் மின்சாரம் மேலேயே நின்றுவிடும். அடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு. பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவிலேயே மூக்கின் மோப்பத்தை அது மரத்துப்போகச் செய்துவிடும். இறங்கியவருக்கு ஆபத்து தெரியாமல் போவதற்கு அதுவே காரணம். அதே வாயு செம்பு, வெள்ளித் தொடுமுனைகளையும் கறுக்க வைக்கும், சென்சாரின் கனெக்டர் சில மாதங்களில் செத்துப்போகும். இது எலக்ட்ரானிக்ஸ்காரர் கவலைப்பட வேண்டியது. கசடு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, கரைந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ் கேள்வி. அங்கே கேமரா ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. அல்ட்ராசானிக் சென்சார் நுரையைத் தரை என்று நினைத்துக்கொள்ளும். சுழற்றும்போது ஹைட்ராலிக் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் பார்த்தால், வெளியில் நின்றபடியே கசடின் கெட்டித்தன்மையை ஊகிக்கலாம். ஆனால் இந்த யோசனை தோன்ற, அழுத்தத்தைப் புரிந்தவரும் தரவைப் புரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ரோபோ ஆய்வில் கடினமான பகுதி எந்த ஒரு துறைக்குள்ளும் முழுதாக அடங்குவதில்லை என்பதுதான் இக்கட்டுரை சொல்ல வருவது. மோட்டார் நன்றாகச் சுற்றும், அல்காரிதம் சிமுலேஷனில் ஓடும், பலகைச் சுற்று தனியாகச் சோதித்தால் சரியாக இருக்கும். மூன்றையும் பூட்டிய நாளில் ரோபோ சுவரில் போய் மோதும். மோதிய இடத்தைத் தோண்டிப் பார்த்தால், தவறு பெரும்பாலும் ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் கோட்டில் இருக்கும்.

ஒரு ரோபோ, பல வேகங்கள்

மோட்டாருக்குள் போகும் மின்னோட்டத்தைச் சீராக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று (அளந்து, ஒப்பிட்டு, திருத்தும் நிரல்) நொடிக்கு 10,000 முதல் 20,000 முறை ஓடும். சக்கரத்தின் வேகத்தைப் பிடித்துவைக்கும் சுற்று நொடிக்குச் சுமார் 1,000 முறை. கேமரா 30 படம். எந்தப் பாதையில் போவது என்று முடிவெடுக்கும் நிரல் 10 அல்லது 20 முறை. காட்சியைப் புரிந்துகொள்ளும் பெரிய நரம்பணி (நியூரல் நெட்வொர்க்) மாதிரி இருந்தால் அது நொடிக்கு ஐந்து பதில் கொடுத்தாலே பெரிது. ஐந்தும் ஒரே உடம்புக்குள் ஓடுகின்றன.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்குச் சராசரி வேகம் முக்கியம்: நூறு முறை ஓட்டி, சராசரி 20 மில்லிநொடி என்றால் திருப்தி. கட்டுப்பாட்டியல் படித்தவருக்கு மிக மோசமான ஒரு முறைதான் முக்கியம். தொண்ணூற்றொன்பது முறை 18 மில்லிநொடியில் முடிந்து, ஒரு முறை 200 மில்லிநொடி எடுத்தால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் ரோபோ அந்த ஒரு முறையில் 20 செ.மீ. கண்ணை மூடிக்கொண்டு நகர்ந்திருக்கும். சராசரியில் அது தெரியவே தெரியாது.

அதனால்தான் உள்ளே இருக்கும் வேகமான சுற்றுகளை, மோட்டாரை நேரடியாக இயக்கும் சிறு சிப்பான மைக்ரோகன்ட்ரோலரிடம் விட்டுவிட வேண்டும். அப்போது, பாதையை முடிவெடுக்கும் நிரல் ஓடும் லினக்ஸ் கணினி தாமதமானாலும் சக்கரம் தடுமாறாது. லினக்ஸிலேயே நேரக் கட்டுப்பாடு வேண்டுமென்றால், பல ஆண்டுகளாகத் தனி ஒட்டாக இருந்த நிகழ்நேர வசதி 2024 இறுதியில் வந்த 6.12 கெர்னலிலிருந்து (லினக்ஸின் மைய நிரல்) மூலத்திலேயே சேர்ந்துவிட்டது. இனி அதற்காக மல்லுக்கட்டத் தேவையில்லை. எது எப்படியானாலும் ஒரு காவல் விதி கட்டாயம்: மேலிருந்து 200 முதல் 500 மில்லிநொடி வரை கட்டளை எதுவும் வரவில்லை என்றால் மைக்ரோகன்ட்ரோலர் தானாக மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். இதை எழுதுவது மெக்கானிக்கலா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்று இரண்டு பக்கமும் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கடைசியில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். வைஃபை அறுந்த ரோபோ கடைசியாகக் கேட்ட கட்டளையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும்.

அரை மில்லிமீட்டர் செய்யும் வேலை

இரண்டு சக்கரங்களால் ஓடும் சாதாரண ஆய்வக ரோபோவை எடுத்துக்கொள்வோம். சக்கர விட்டம் 150 மி.மீ. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 400 மி.மீ. இடது சக்கரம் மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிதாக, அதாவது 150.5 மி.மீ. ஆக இருக்கிறது என்று வையுங்கள். பேட்டரி வலப்பக்கமாகப் பொருத்தப்பட்டு, அந்தப் பக்க ரப்பர் சற்று அதிகம் அமுங்கினாலே இவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். இரண்டு மோட்டாரும் ஒரே அளவு சுற்றி, ரோபோ 10 மீட்டர் போனால், இடது சக்கரம் 3.3 செ.மீ. கூடுதலாக உருண்டிருக்கும். ரோபோவின் முகம் ஏறக்குறைய 4.8 பாகை திரும்பிவிடும்; நேர்கோட்டிலிருந்து 40 செ.மீ. விலகிப் போயிருக்கும். ஆனால் சக்கரச் சுழற்சியை எண்ணும் என்கோடரைப் படிக்கும் நிரல் இரண்டு சக்கரமும் சமம் என்றே நம்புகிறது. அதன் கணக்கில் ரோபோ நேராகத்தான் வந்திருக்கிறது.

இங்கே வழக்கமாக நடப்பது என்னவென்றால், நிரல் எழுதியவர் லேசரால் தூரம் அளக்கும் லைடாரைக் குறை சொல்வார். வரைபடம் இரட்டைச் சுவராக வருகிறது, வேறு அல்காரிதம் போடலாம் என்பார். ஒரு மாதம் அதில் கழியும். அதற்கு முன் ஒரு டேப்பையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவது நல்லது. 1990-களின் நடுவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போரன்ஸ்டைன், ஃபெங் இருவரும் வகுத்த சோதனை இன்றும் போதுமானது. தரையில் 4 மீட்டர் பக்கமுள்ள சதுரம் வரையுங்கள். வலஞ்சுழியாக ஐந்து முறையும் இடஞ்சுழியாக ஐந்து முறையும் ரோபோவை மெதுவாக ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கிளம்பிய புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி வந்து நின்றது என்று அளந்து குறியுங்கள்.

இரண்டு திசையிலும் ஓட்டுவதுதான் இதில் சூட்சுமம். பிழைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு: சக்கர விட்டங்கள் சமமாக இல்லாதது, சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தைத் தவறாகக் கொடுத்திருப்பது. ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் ஒன்றின் பிழையை இன்னொன்று மறைத்துவிடக்கூடும். சதுரம் அழகாக மூடும், எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். எதிர்த் திசையில் ஓட்டினால் இரண்டும் சேர்ந்து வெளியே வரும். பத்து புள்ளிகளும் இரண்டு கொத்தாக விழுந்தால், கொத்துகளின் மையம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை வைத்து இரண்டு திருத்த எண்களைக் கணக்கிட்டு நிரலில் போட்டுவிடலாம். புள்ளிகள் கொத்தாக விழாமல் சிதறிக் கிடந்தால், நிரலில் திருத்த ஒன்றுமில்லை. சக்கரம் வழுக்குகிறது, அல்லது தண்டில் பூட்டிய திருகு தளர்ந்திருக்கிறது. ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

திசைக்கு, திரும்பும் வேகத்தை அளக்கும் ஐஎம்யு சென்சார் இருக்கிறதே என்று கேட்கலாம். மலிவான சிப்பில் நொடிக்கு 0.01 பாகை அளவுக்கு நிலையான பிழை இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் 36 பாகை ஆகிவிடும். அந்தப் பிழை வெப்பத்தோடு மாறவும் செய்யும். எனவே ஒவ்வொரு முறை இயக்கும்போதும் ரோபோவைச் சில நொடிகள் அசையாமல் நிறுத்தி, அப்போது ஐஎம்யு காட்டும் சராசரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். காந்தத் திசைகாட்டி சென்சாரை நம்பிக் கட்டடத்துக்குள் இறங்காதீர்கள். தரைக்குள் இருக்கும் கம்பியும் மோட்டாரின் காந்தமும் அதை எந்தப் பக்கமும் இழுக்கும்.

அலகு, அச்சு, வரிசை

துறைகளுக்கு நடுவே அடிக்கடி நடக்கும் இன்னொரு விபத்து, மொழி மாறுவது. மெக்கானிக்கல் மாணவர் கேட் (CAD) வரைவு மென்பொருளில் மில்லிமீட்டரில் வரைகிறார். ராஸ் என்று எல்லோரும் சொல்லும் ரோபோ மென்பொருள் தளம் மீட்டரில் படிக்கிறது. உருவம் ஆயிரம் மடங்கு பெரிதாகத் திரையில் வந்தால் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். ஒரு பாகத்தைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்று சொல்லும் சுழல் நிலைமம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. மில்லிமீட்டர் இருபடியில் வந்த எண்ணை மீட்டர் இருபடி என்று எழுதிவிட்டால் தவறு பத்து லட்சம் மடங்கு. உருவம் சரியாகத் தெரியும், கை மட்டும் சிமுலேஷனில் மலையைத் தூக்குவதுபோல் அசையாது. அல்லது ஒன்றுமில்லாத காற்றாகத் துள்ளும். கன்ட்ரோலரின் எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இங்கேதான் வாரக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள்.

அச்சுத் திசையும் அப்படித்தான். ராஸில் முன்பக்கம் முதல் அச்சு, இடப்பக்கம் இரண்டாவது, மேலே மூன்றாவது. விமானவியல் மரபில் வந்த ட்ரோன் கன்ட்ரோலர்களில் முன்பக்கம், வலப்பக்கம், கீழே. குரோம்பேட்டை எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) 1949-இல் தொடங்கியபோதே வானூர்தி, ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று அன்றைக்குப் புதிதாக இருந்த துறைகளைக் கொண்டுவந்த நிறுவனம். பின்னாளில் தக்‌ஷா ட்ரோன் குழுவும் அங்கேதான் வளர்ந்தது. வானூர்தி படித்தவரும் ராஸ் பழகியவரும் ஒரே ட்ரோனில் வேலை செய்யும் எந்த ஆய்வகத்திலும் இந்தக் குறி மாற்றம் ஒரு முறையாவது ட்ரோனை உடைத்திருக்கும். இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் திருத்த வேண்டிய கன்ட்ரோலர், குறி மாறியதால் இன்னும் இடப்பக்கம் தள்ளும். அரை நொடியில் கவிழும். சுழற்சியைக் குறிக்கும் குவாட்டர்னியனின் நான்கு எண்களிலும் இதே தொல்லை உண்டு. ராஸ் அதன் மெய்ப்பகுதியைக் கடைசியில் வைக்கிறது. முஜோகோ சிமுலேட்டர் முதலில் வைக்கிறது. மாற்றிப் போட்டாலும் நிரல் பிழை எதுவும் காட்டாது.

இதற்கு மருந்து ஒரே ஒரு பக்கத்தாள். ஒவ்வொரு சென்சாரும் மோட்டாரும் என்ன அலகில், எந்த அச்சில், எந்த வரிசையில், நொடிக்கு எத்தனை முறை எண் கொடுக்கிறது என்று எழுதிச் சுவரில் ஒட்டுவது. பிறகு ப்ரொபெல்லரைக் கழற்றிவிட்டு, கையில் ட்ரோனைப் பிடித்து இடம், வலம், முன், பின் சாய்த்து, எந்த மோட்டார் வேகம் கூடுகிறது என்று பார்ப்பது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பறக்கவிடுவதற்கு எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதில்லை.

நேரமுத்திரை இந்தக் குடும்பத்தில் மிக நுட்பமானது. படம் எடுக்கப்பட்ட கணத்தில் இல்லாமல், அது கணினிக்கு வந்து சேர்ந்த கணத்தில் டிரைவர் நேரம் குத்துகிறது என்று வையுங்கள். இடையில் 50 மில்லிநொடி போய்விட்டது. ரோபோ நொடிக்கு 90 பாகை திரும்பிக்கொண்டிருந்தால் அதற்குள் 4.5 பாகை திரும்பியிருக்கும். 5 மீட்டர் தள்ளியிருக்கும் சுவர் வரைபடத்தில் 39 செ.மீ. நகர்ந்து விழும். அடையாளம் இதுதான்: நேராகப் போகும்போது வரைபடம் சுத்தமாக இருக்கும், திரும்பும்போது மட்டும் குழம்பும். அப்படிக் கண்டால் வரைபட அல்காரிதத்தைத் தொடாமல் முதலில் கடிகாரங்களைப் பாருங்கள்.

மின்சாரம்

12 வோல்ட் மோட்டார்கள் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. பேட்டரி, வயர், கனெக்டர் எல்லாம் சேர்ந்து 0.08 ஓம் தடை என்றால், 40 ஆம்பியர் இழுக்கும்போது 3.2 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். மிஞ்சுவது 8.8 வோல்ட். 9 வோல்ட்டுக்குக் கீழே அணைந்துவிடும் கணினிப் பலகை அந்தக் கணத்தில் மறுபடி பூட் ஆகும். நிரல் எழுதியவருக்கு இது காரணமே இல்லாமல் நின்றுபோகும் நிரலாகத் தெரியும். கணினிக்குத் தனி பேட்டரி அல்லது தனி கன்வெர்ட்டர், தடித்த வயர், நிலக்கம்பிகள் எல்லாம் ஒரே புள்ளியில் சேர்வது, இவை போதும். இதற்கு எதிர்ப்புறமும் உண்டு: சட்டென்று பிரேக் போட்டால் மோட்டார் டைனமோவாக மாறி மின்னழுத்தத்தை மேலே தள்ளும். பேட்டரி அதை வாங்கிக்கொள்ளும். மேசை மீதிருக்கும் பவர் சப்ளை வாங்காது. அது அணைந்துவிடும், அல்லது மோட்டார் டிரைவர் எரியும்.

சென்னைக் காற்று

வெளிநாட்டுக் கட்டுரைகளில் கிடைக்காத ஒரு பிரச்சினை நம் ஊருக்கு உண்டு. ஆய்வகத்தில் ஏசி 22 பாகையில் ஓடுகிறது. வெளியே காற்றில் உள்ள ஈரம் 25 பாகைக்குக் குளிர்ந்த பொருளின்மேலேயே நீராகப் படியும் அளவுக்கு இருக்கிறது. குளிர்ந்த ரோபோவை நேராக வாசலுக்குக் கொண்டுவந்தால் கேமரா கண்ணாடி வெளுத்துப்போகும், லைடாரின் சுற்றுக் கண்ணாடியிலும் அப்படியே. சுற்றுப்பலகையிலும் படியும், அது கண்ணுக்குத் தெரியாது. இயக்காமல் கால்மணி நேரம், இருபது நிமிடம் வெளியில் வைத்துவிட்டு, பிறகு துடைத்து இயக்குவது ஒரு வழக்கமாக வேண்டும். விருந்தினர் வந்திருக்கிறார்கள், உடனே காட்டுங்கள் என்று அவசரப்படும் நாளில்தான் இது கைவிட்டுப் போகிறது.

கடற்காற்றின் உப்பு அடுத்தது. மலிவான தகரப்பூச்சுக் கனெக்டர்கள் பச்சை பூத்துவிடும். தடை கூடும், சென்சார் விட்டு விட்டு வேலை செய்யும். தொட்டு அசைத்தால் சரியாகும். அசைத்தால் சரியாகிற எதையும் சரியாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. பலகைக்கு மேல்பூச்சு, தங்கமுலாம் பூசிய முனைகள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். முப்பரிமாண அச்சில் எடுக்கும் பாகங்களுக்குப் பெரும்பாலானோர் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறார்கள். அது சுமார் 60 பாகையில் இளகத் தொடங்கும். மே மாத வெயிலில் மூடிய காருக்குள்ளோ மோட்டாருக்கு ஒட்டியோ அந்த வெப்பம் எளிதாக வந்துவிடும். மோட்டாரைத் தாங்கும் பாகங்களை 80 பாகை வரை தாங்கும் பெட்ஜியிலோ, சுமார் 100 வரை நிற்கும் ஏபிஎஸ்ஸிலோ எடுக்க வேண்டும்.

நம் ஊருக்கு வாய்த்த வசதியையும் சொல்ல வேண்டும். கனெக்டர், கன்வெர்ட்டர், வயர் என்றால் ரிச்சி தெருவில் அன்றே வாங்கலாம். அலுமினியத் தட்டு வெட்ட, தண்டு கடைய கிண்டியிலும் அம்பத்தூரிலும் பட்டறைகள் உண்டு. இத்தனை பக்கத்தில் பொருளும் பட்டறையும் கைத்திறனும் கிடைப்பது எல்லா ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்கும் வாய்ப்பதில்லை. பட்டறைக்குப் போகும்போது நிரல் எழுதும் மாணவரையும் கூட்டிப்போங்கள். ஒரு துளையை 0.1 மி.மீ. துல்லியத்தில் போடச் சொன்னால் விலை எப்படி ஏறுகிறது என்று பார்த்தவர், நிரலில் திருத்திக்கொள்ளக் கூடியதை இரும்பில் கேட்க மாட்டார்.

குழாய்க்குள்ளும் கடலுக்கடியிலும்

மண்ணுக்கடியில் ஓடும் குழாய்க்குள் வைஃபை போகாது. ஆகவே ஆய்வு ரோபோ பின்னால் வயரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். வளைவுகளில் அந்த வயர் உரசும்போது இழுவிசை கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. உராய்வுக் குணகம் 0.3 என்றால் ஒரு செங்கோண வளைவில் இழுவை 1.6 மடங்கு; இரண்டில் 2.6, நான்கில் 6.6. நேர்க்குழாயில் 100 மீட்டர் போகும் என்று சோதித்த ரோபோ, நான்கு வளைவுள்ள தெருக்குழாயில் பாதி தூரத்தில் சக்கரம் வழுக்கி நின்றுவிடுவது இதனால்தான். பாதை திட்டமிடும் நிரலுக்குத் தூரத்தோடு வளைவுகளின் எண்ணிக்கையையும் ஒரு செலவாகக் கொடுத்தாக வேண்டும்.

கடல் இன்னும் கறாரானது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், 6,000 மீட்டர் ஆழத்துக்கென உருவாக்கிய ரோசப் என்ற ஆளில்லா ஊர்தியை 2010-இல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் வரை இறக்கியது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்று போட்டால், அந்த ஆழத்தில் 500-க்கு மேல். அங்கே ரேடியோ இல்லை, ஒலிதான். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். அவ்வளவு ஆழத்திலிருந்து ஒரு செய்தி மேலே வர மூன்றரை நொடி ஆகும், பதில் திரும்பிப் போக இன்னொரு மூன்றரை. ஊர்தி வயர் இல்லாமல் தனியாகப் போக வேண்டுமென்றால், ஏழு நொடி தானே முடிவெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஐஐடி மாணவர்களின் அமோக் குழு நீரடியில் தானாக இயங்கும் ஊர்தி கட்டுவதும், அங்கே தொடங்கிய பிளானிஸ் நிறுவனம் துறைமுகம், அணை போன்ற நீரடிக் கட்டுமானங்களைச் சோதிப்பதும் இதே சிக்கலின் வெவ்வேறு படிகள்.

திரையில் நடந்தது தரையில் நடப்பதில்லை

கற்றுக்கொள்ளும் ரோபோக்கள் பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. சிமுலேஷனில் லட்சக்கணக்கான முறை விழுந்து எழுந்து நடை பழகிய நான்கு கால் ரோபோ, உண்மையான தரையில் முதல் அடியிலேயே சாயும். சிமுலேஷன் மோட்டார், கேட்ட விசையைக் கேட்ட கணத்தில் கொடுக்கும். உண்மை மோட்டாரில் கியர் இடைவெளி உண்டு, உராய்வு உண்டு, சில மில்லிநொடித் தாமதமும் உண்டு. ஒரு வழி, உராய்வையும் எடையையும் தாமதத்தையும் ஒவ்வொரு பயிற்சியிலும் சற்று மாற்றிக்கொண்டே இருப்பது. இன்னொன்று எங்களுக்கு அதிகம் பிடித்தது. சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழகக் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ரோபோவின் உண்மை மோட்டார்களை இயக்கித் தரவு எடுத்தார்கள். அந்த மோட்டார் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒரு சிறிய நரம்பணிக்குக் கற்றுக்கொடுத்து, அதையே சிமுலேஷனுக்குள் மோட்டாராக வைத்தார்கள். அதில் பழகிய நடை உண்மை ரோபோவில் நேராக ஓடியது. மோட்டாரைச் சோதனை மேசையில் அளப்பது பழைய மெக்கானிக்கல் வேலை. அந்த வேலையைப் பொறுமையாகச் செய்ததால்தான் புதிய கம்ப்யூட்டர் சயின்ஸ் வேலை பலித்தது.

நம் எம்.டெக் அமைப்பு இதற்குத் தோதாக இல்லை. இரண்டு ஆண்டில் முதலாண்டு வகுப்புக்குப் போய்விடும். மீதியில் பாகங்கள் இறக்குமதியாகி வர மாதங்கள் ஆகும். மூன்று மாணவர்கள் மூன்று பகுதியைத் தனித்தனியாகச் செய்து, கடைசி மாதத்தில் பூட்டுகிறார்கள். பூட்டியதும் வெளிவரும் பிழைகளைத் திருத்த நேரம் இல்லை. வரிசையைத் திருப்பிப் போடலாம். முதல் வாரத்திலேயே ஒட்டுப்பலகையில் இரண்டு மலிவு மோட்டாரைப் பூட்டி, கேமரா இருக்க வேண்டிய இடத்தில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பும் பொய் நிரலை வைத்து, முழு ரோபோவையும் ஓட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக உண்மைப் பாகத்தை மாற்றுங்கள். எந்த நாளில் உடைகிறதோ, அன்று மாற்றியதில்தான் கோளாறு.

சோதனை எண்ணிக்கையிலும் ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். 30 முறை ஓட்டி 30 முறையும் வெற்றி என்றால், தோல்வி வாய்ப்பு சுமார் 10 சதவீதத்துக்குள் இருக்கிறது என்றுதான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும். மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. ஒரு சதவீதத்துக்குள் என்று சொல்ல 300 முறை பிசகாமல் ஓட வேண்டும். கட்டுரைகளில் பத்து முறை ஓட்டிய ரோபோவை நம்பகமானது என்று எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதன் பக்கத்தில் மனிதர்கள் நிற்கப்போகிறார்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிவு செய்யுங்கள், தோற்ற ஓட்டத்தை முதலில். 640-க்கு 480 அளவுள்ள வண்ணக் கேமரா ஒன்று சுருக்கப்படாமல் நொடிக்கு 30 படம் கொடுத்தால் நொடிக்கு 27 எம்பிக்கு மேல். ஒரு மணி நேரத்தில் 100 ஜிபி நெருங்கும். மெமரி கார்டு அந்த வேகத்தில் எழுதத் திணறும், படங்கள் நடுநடுவே விழுந்துபோகும். பிறகு பார்க்கும்போது சென்சார்தான் விட்டுவிட்டது என்று தோன்றும். எனவே படத்தைச் சுருக்கி எஸ்எஸ்டியில் எழுதுங்கள். மோட்டார் மின்னோட்டம், பேட்டரி மின்னழுத்தம், என்கோடர், ஐஎம்யு ஆகியவற்றை மட்டும் சுருக்காமல், ஒன்றுவிடாமல் வையுங்கள். படத்தோடு ஒப்பிட்டால் இவை மிகக் குறைந்த இடமே பிடிக்கும், விபத்துக்குக் காரணம் பெரும்பாலும் இவற்றில்தான் கிடைக்கும். கோப்பின் பெயரில் தேதியோடு அன்று ஓடிய நிரலின் பதிப்பைக் காட்டும் கிட் (Git) எண்ணும், சக்கரமோ பேட்டரியோ மாற்றியிருந்தால் அந்தக் குறிப்பும் இருக்கட்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவர் முதலில் திறக்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.